பரதேசியின் கூடு

அந்தக் காலத்தில் பரதேசி என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

சிரிக்காதீர்கள். இன்றைக்கு ஒருத்தனைப் பரதேசி என்று சொல்லிப் பாருங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவான். வரவேண்டியதுதான். அந்தச் சொல்லை நாம் அப்படி ஆக்கி வைத்திருக்கிறோம். ஆனால் நான் சொல்லுகிற காலத்தில் பறவைகள் பேசும், பேசியதை மரங்கள் கேட்கும், பரதேசி என்பது பெரிய பட்டம். வேற்று தேசம் போய்த் திரும்பி வந்தவர் என்று அர்த்தம். எல்லோருக்கும் அது வாய்க்காது.

தெற்கே ஒரு குளம். குளம் நிறையக் கருவேல மரங்கள், மரம் நிறையக் கூடுகள். கூழைக்கடா, நாரை, நீர்க்காகம், வாத்து என்று எல்லாப் பறவையும் அங்கே ஒரே ஊராக இருந்தன. தளவாய் என்கிற கிழட்டுக் கூழைக்கடாதான் ஊருக்குப் பெரியவர். தாடைப் பை தொங்கத் தொங்க அவர் பேசினால் மறுபேச்சு கிடையாது.

அந்தக் குளத்தின் பரதேசி, கொம்பையா என்கிற வாத்து. வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புப் பட்டை. பட்டை எப்படி வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள், அதை நான் நம்புவதில்லை. ஆள் அதிகம் பேசமாட்டான். ஆனால் இறக்கையில் அப்படி ஒரு வலு. வடக்கே பனிமலை இருக்கிறதே, அதற்கு மேலே மூச்சு விடக் காற்றே இருக்காது என்பார்கள். அதைத் தாண்டிப் போகிற தெம்பு அந்தக் குளத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் இருந்தது.

எதற்குப் போனான்? மழைக்காகத்தான். கோடையில் குளம் வற்றி, சேறு வெடித்து, மீன் எல்லாம் செத்துப்போகும். அப்போது கொம்பையா கிளம்புவான். மலை தாண்டிப் போய், மேகங்களைக் கண்டுபிடித்து, "எங்க குளத்துல சொட்டுத் தண்ணி இல்ல, புள்ளையெல்லாம் தவிக்குது, புறப்படுங்க தாயீ" என்று கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வருவான். அவன் முன்னால் வருவான், பின்னாலேயே மழை வரும்.

அவன் வருகிற நாளில் ஊரே கூடி நிற்கும். தளவாய் தம் பை நிறையத் தண்ணீர் மொண்டு வந்து அவன் காலைக் கழுவுவார். "வாரும் பரதேசியாரே, உம்மாலதான் நாங்க பொழைச்சுக் கெடக்கோம்" என்பார். அவன் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொள்வான். பிறகு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, அவன் பார்த்த தேசங்களைப் பற்றிக் கேட்பார்கள். தண்ணீர் கல்லாகக் கிடக்கும் என்று அவன் சொன்னால் நீர்க்காகங்கள் நம்பாமல் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அவன் ஊரில் இல்லாத நாளில் அவன் கூடு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். மழை வந்ததும் எல்லோரும் கூடு கட்ட ஆரம்பிப்பார்கள் இல்லையா? தன் கூட்டுக்கு முதல் குச்சி வைப்பதற்கு முன்னால், பரதேசியின் கூட்டில் ஒரு குச்சி வைக்க வேண்டும். காற்றில் உதிர்ந்தது உதிர்ந்தபடி கிடக்கக் கூடாது. நமக்காகப் போனவன் வந்து காலை நீட்ட ஓர் இடம் வேண்டாமா? இதை யாரும் சட்டம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. செய்யாமல் இருப்பது அசிங்கம் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் கொம்பையாவுக்குக் கல்யாணம் ஆனது. பெண்டாட்டி பெயர் செண்பகம். நல்ல துடியான பெண். கோடை வந்து அவன் கிளம்பினபோது, "நானும் வாறேன், இங்க ஒத்தையில கெடந்து என்ன செய்ய?" என்று அவளும் கிளம்பிவிட்டாள்.

அடுத்த கிளையில் பிரமு இருந்தாள். மஞ்சள்மூக்கு நாரை. அந்தக் குளத்திலேயே நல்ல குரல் அவளுக்குத்தான் என்று சொல்வார்கள். அவள் ஒரு சத்தம் கொடுத்தால் எதிர்க்கரையில் மேய்கிற குஞ்சு தலையைத் தூக்கிப் பார்க்கும். கொம்பையாவுக்கு அவள் மதினி முறை. இனம் வேறு, சாதி வேறு, ஆனாலும் ஒரே மரத்தில் இருந்து இருந்து அப்படி ஆகிவிட்டது.

கிளம்புகிறபோது கொம்பையா அவளிடம் வந்தான். "மதினி, கூட்டைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. திரும்பி வரும்போது இவ சும்மா வரமாட்டா. முத முட்டைய நம்ம குளத்துலதான் இடணும்னு ஒத்தக்கால்ல நிக்கா."

செண்பகம் வெட்கப்பட்டுத் தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"ஏட்டி, இதுக்குப் போயி வெக்கப்படுதியே!" என்று பிரமு சிரித்தாள். "கொழுந்தனாரே, எங்கூடு போனாலும் போவுமே தவிர, உங்கூட்டுல ஒரு குச்சி போவாது. கண்ணும் கருத்துமாப் பாத்துக்கிடுதேன். நிம்மதியாப் போயிட்டு வாங்க."

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள் என்று நினைக்காதீர்கள். மனசாரத்தான் சொன்னாள். அதுதான் கஷ்டமே.

அந்தக் கோடை மற்றக் கோடைகளைப் போல இல்லை. குளம் வற்றினதோடு நிற்காமல் மரங்களும் பட்டுப்போயின. பக்கத்து ஊர் ஜனங்கள் அடுப்பெரிக்க வழியில்லாமல் வந்து, காய்ந்த கிளை, காயாத கிளை எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கும் பசி. வெட்டினது போக நடுக்குளத்தில் கொஞ்சம் மரங்கள் மிச்சம். பறவைகள் வாயைப் பிளந்துகொண்டு வடக்கையே பார்த்துக்கொண்டிருந்தன.

திடீரென்று ஒரு நாள் மத்தியானம் வானம் கறுத்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. மழைக்காலத்துக்கு இன்னும் நாள் இருந்தது. கொட்டு கொட்டென்று கொட்டிக் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. குஞ்சும் குருமானுமாக எல்லாம் நனைந்துகொண்டு ஆட்டம் போட்டன. தளவாய் மட்டும் மழையில் நின்று வடக்கே பார்த்தார். மேகம் வந்தது, மேகத்துக்கு முன்னால் ஒருத்தரும் வரவில்லை.

"கொம்பையாவக் காணலியே" என்றார்.

மாசானம் என்று ஒரு நீர்க்காகம் பக்கத்தில் இருந்தது. வாய்த்துடுக்குக்காரன். "அவரு என்னத்துக்குத் தாத்தா? மழை தானா வந்துட்டுல்லா. இத்தன வருசமும் தானாத்தான் வந்திருக்கும். இவரு சும்மா முன்னால பறந்து வந்து பேரு வாங்கிக்கிட்டாரு."

தளவாய் அவனை அதட்டவில்லை. அதட்டியிருக்க வேண்டும். அவருக்கும் உள்ளுக்குள் அப்படி ஒரு நினைப்பு லேசாக ஓடியிருக்கும் போல.

மழை விட்டதும் கூடு கட்டுகிற அவசரம். மரம் கொஞ்சம், பறவை நிறைய, குச்சிக்கு அப்படி ஒரு பஞ்சம். பரதேசியின் கூட்டுக்கு முதல் குச்சி வைக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. நமக்கே இல்லை, பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். அவன் கூடோ பெரிய கூடு. வருஷா வருஷம் ஊரே வைத்த குச்சியால் கனத்து, கொட்டின மழையிலும் அசையாமல் இருந்தது.

பிரமுவுக்கு முட்டையிடுகிற நேரம் நெருங்கிவிட்டது. அவள் கூட்டின் அடியில் ஒரு பக்கம் பொத்தல். புருஷன் விடியும் முன்னே கிளம்பிப் போய், பொழுது சாய வெறும் அலகோடு திரும்பி வந்தான். "சுத்துப்பட்டில ஒரு சுள்ளி கெடைக்கல" என்று சொல்லிவிட்டுச் சோர்ந்துபோய் நின்றான். அவளுக்கு வயிறு வலித்தது. பொத்தலைப் பார்த்தாள். அதன் வழியாகக் கீழே தண்ணீர் தெரிந்தது.

பிறகு பக்கத்துக் கூட்டைப் பார்த்தாள்.

'ஒரு குச்சிதானே. நாளைக்கி ரெண்டா வச்சிருவோம்' என்று நினைத்தாள். எட்டி ஒரு குச்சியை உருவினாள். அது சுலபமாக வந்துவிட்டது. பொத்தலில் வைத்து அடைத்தாள். அன்றைக்கே முதல் முட்டையும் இட்டாள்.

அவளைக் கெட்டவள் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நிலைமையில் நீங்களும் நானும் இரண்டு குச்சி எடுத்திருப்போம். ஆனால் காவலுக்கு இருந்தவள் அவள். அவள் எடுத்ததை மாசானம் பார்த்துவிட்டான்.

மறுநாள் காலையில் மாசானம் கொம்பையாவின் கூட்டில் நின்று ஒரு குச்சியை இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே மாசானம்!" என்று பிரமு கத்தின கத்தலில் குளமே திரும்பிப் பார்த்தது. "மூதி, அது பரதேசியாரு கூடுல!"

"தெரியும் யக்கா" என்றான் அவன் நிதானமாக. "நேத்து நீங்க ஒண்ணு உருவுனீங்கள்லா, அதுக்குப் பக்கத்துக் குச்சிதான் இது."

அவ்வளவுதான். அவன் போனதும் இன்னொருத்தி வந்தாள். அவள் போனதும் இன்னொருத்தன். எல்லோரும் ஆளுக்கு ஒரு குச்சி, அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை. எல்லோருமே திருப்பி வைப்பதாகத்தான் இருந்தார்கள். பிரமு தன் முட்டைகள்மேல் உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கடைசியில் தளவாய் வந்தார். அடியில் கனமான குச்சிகள் கொஞ்சம் கிடந்தன. "இனிமே இது கூடா என்ன? வெறும் சுள்ளி. சும்மா கெடந்து மக்கிப் போவுதுக்கு…" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு அவற்றையும் வாரிக்கொண்டு போனார். மரத்தில் வெறும் கவட்டை மட்டும் நின்றது.

கார்த்திகை மாசம் கொம்பையாவும் செண்பகமும் வந்து சேர்ந்தார்கள்.

பறந்து வந்தார்கள் என்று சொல்ல முடியாது, விழுந்து எழுந்து வந்தார்கள். செண்பகத்துக்கு ஓர் இறக்கை சரியாக விரியவில்லை. வயிறு கனத்துத் தொங்கியது. கரையில் இறங்கியதும் கொம்பையா குளத்தைப் பார்த்தான். ததும்பி நின்ற தண்ணீரைப் பார்த்து அவன் முகம் அப்படி மலர்ந்தது.

"வந்து சேந்துட்டா? நல்லதாப் போச்சு!" என்றான். "பனிமலையில இவளுக்கு ரெக்கை அடிபட்டுட்டு. சட்டுன்னு வர முடியல. மேகத்துகிட்ட, தாயீ, நீ எங்களுக்காக நிக்காத, முன்னாடி போ, அங்க புள்ளையெல்லாம் தவிச்சுக்கிட்டு இருக்கும், நாங்க பைய வாறோம்னு சொல்லி அனுப்பிட்டேன். வழி தெரியாமப் போயிருமோன்னு ஒரே விசாரம். பரவாயில்ல, சரியா வந்திருக்கு."

மாசானம் தண்ணீருக்குள் முங்கினவன் வெகு நேரம் வெளியே வரவில்லை.

காலைக் கழுவ யாரும் தண்ணீர் கொண்டு வராததைக்கூடக் கொம்பையா கவனிக்கவில்லை. "அண்ணாச்சி, கதையெல்லாம் பிறவு சொல்லுதேன். இவளுக்கு இப்பவோ அப்பவோன்னு இருக்கு. மொதல்ல கூட்டுல உக்காத்திட்டு வந்துருதேன்" என்று செண்பகத்தைத் தாங்கிக்கொண்டு பறந்தான்.

மரத்துக்குப் போனான். சுற்றிவந்தான். மரம் மாறிவிட்டதோ என்று அடுத்த மரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வந்தான். அந்தக் கவட்டையில் உட்கார்ந்து, காலடியில் கூடு இருந்த இடத்தைப் பார்த்தான். பிறகு சுற்றிலும் பார்த்தான். ஒவ்வொரு கூட்டிலும் பழைய, வெயிலில் வெளுத்த குச்சி ஒன்று இருந்தது.

"அண்ணாச்சி," என்றான், "எங்கூடு எங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் தளவாய் ஒருவேளை அழுது மன்னிப்புக் கேட்டிருப்பார். அவன் அப்படி வெள்ளந்தியாகக் கேட்டது அவருக்குத் தாங்கவில்லை. ஊரே தம்மைப் பார்க்கிறது. தம் கூட்டின் அடியில் அவன் கூட்டு அடிக்குச்சி கிடக்கிறது. மனுஷனானாலும் சரி, பறவையானாலும் சரி, செய்த தப்பு கண்ணெதிரே வந்து நின்றால் இரண்டே வழிதான். ஒன்று காலில் விழ வேண்டும், இல்லையென்றால் எதிரே நிற்கிறவனை மட்டமாக ஆக்கிவிட வேண்டும். தளவாய் இரண்டாவது வழியில் போனார்.

"யாரப் பாத்துவே கேக்கீரு?" என்று பை அதிர உறுமினார். "ஊர்ல இருந்து கஷ்டப்பட்டவனுக்குத்தான் கூடு. ஊர் ஊராச் சுத்துத பரதேசிக்கு என்னத்துக்குவே கூடு? பரதேசிப் பய!"

அதே வாய்தான். வருஷா வருஷம் 'வாரும் பரதேசியாரே' என்று சொன்ன அதே வாய். அந்தச் சொல்லை அதற்கு முன்னால் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. எங்கோ ஒரு நீர்க்காகக் குஞ்சு களுக்கென்று சிரித்தது. பிறகு இன்னொன்று. சிரிக்கச் சிரிக்க எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது. பரதேசியிடமிருந்து எடுத்தால் அது திருட்டு இல்லை என்று ஆகிவிட்டது பாருங்கள்.

சிரிப்பு அடங்கியது. கொம்பையா பிரமுவின் பக்கம் திரும்பினான்.

"மதினி, நீங்க சொல்லுங்க. நான் இந்த ஊர்க்காரந்தானே? இது என் வீடுதானே?"

பிரமு அடைகாத்துக்கொண்டிருந்தாள். வயிற்றுக்கு அடியில் முட்டைகள், முட்டைகளுக்கு அடியில் அந்தக் குச்சி. ஒரு வார்த்தை போதும். 'ஆமாய்யா, உன் வீடுதான்' என்று அவள் அந்த வெண்கலக் குரலில் ஒரு தடவை சொல்லியிருந்தால், சிரித்தவர்களெல்லாம் தலைகுனிந்து ஆளுக்கொரு குச்சியோடு வந்திருப்பார்கள். பொழுது சாய்வதற்குள் கூடு எழும்பியிருக்கும். ஆனால் சொன்னால் முதல் குச்சி யார் எடுத்தது என்ற பேச்சு வரும். அவள் அலகைத் திறந்தாள். திறந்தபடியே இருந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

கொம்பையா அவளுக்காகக் காத்திருந்தான். செண்பகம்தான் அவனை அலகால் தொட்டாள்.

"வாங்க, போவோம்."

"இந்த வயித்த வச்சுக்கிட்டா? திரும்பவும் அம்புட்டுத் தூரமா?"

"இங்க இட்டா இந்தப் புள்ளையையும் இப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றாள் அவள். "மலைக்கு அந்தாண்ட கல்லாக் கெடக்குத தண்ணிப் பக்கத்துல தரையிலயே இடுதேன். அங்க நம்மள யாருக்கும் தெரியாது. தெரியாதவங்க வஞ்சா வலிக்காது."

அவர்கள் கிளையிலிருந்து இறங்கிக் கரைக்கு வந்தார்கள். கொஞ்சம் புல் மேய்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். போகிறபோது கொம்பையா எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னான்.

"மழைக்கு நான் சொல்லாம இருக்க மாட்டேன். வருசா வருசம் வருவோம். பரதேசிங்கதானே, பரதேசி மாதிரியே வாறோம். தண்ணி குடிப்போம், புல்லு மேய்வோம், போயிருவோம். மரத்துல ஏற மாட்டோம். முட்டை மட்டும் இந்த மண்ணுல இட மாட்டோம்."

சொல்லிவிட்டுப் பறந்தான். செண்பகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அவன் பின்னால் போனாள்.

அவர்கள் கண்ணுக்கு மறைகிற நேரத்தில்தான் பிரமுவுக்குப் பொறுக்கவில்லை. கூட்டைவிட்டு எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள். தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. எதிர்க்கரைக் குஞ்சைத் திரும்பிப் பார்க்க வைத்த குரல், போயே போய்விட்டது. ஆற்றாமையில் அலகை அலகோடு அடித்தாள். டக், டக், டக் என்று அது மட்டும் கேட்டது.

அடுத்த வருஷம் தன் கூட்டைக் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கவட்டையில் அவள் ஒரு கூடு கட்டினாள். அப்படி ஒரு கூடு அந்தக் குளத்தில் யாரும் கட்டினதில்லை. கொம்பையாவும் செண்பகமும் வந்தார்கள். கூடவே பனிதேசத்தில் பிறந்த பிள்ளைகளும் வந்தன. கரையில் புல் மேய்ந்தார்கள். பிரமு கூட்டின்மேல் நின்று அலகைத் தட்டித் தட்டிக் காட்டினாள். பிள்ளைகளில் ஒன்று நிமிர்ந்து பார்த்து, "அது யாரும்மா?" என்று கேட்டது. "தெரியலய்யா" என்றாள் செண்பகம். பங்குனி பிறந்ததும் போய்விட்டார்கள்.

அந்தச் சொல் மட்டும் போகவில்லை. குளத்திலிருந்து கரைக்கு வந்து, கரையிலிருந்து ஊருக்கு வந்து, மனுஷர் வாயிலும் ஏறிக்கொண்டது. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் சொன்னார், ஸ்பானிய பாஷையிலும் ஊர் சுற்றுகிறவனுக்கு 'வகபுந்தோ' என்று ஒரு சொல் உண்டாம், அதையும் அங்கே வசவாகத்தான் சொல்கிறார்களாம். அங்கேயும் யாரோ யார் கூட்டிலிருந்தோ குச்சி உருவியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அதனால் யாராவது யாரையாவது பரதேசி என்று வைவது காதில் விழுந்தால், எனக்கு வையப்படுகிறவனைப் பார்க்கத் தோன்றுவதில்லை. வைகிறவன் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்கத்தான் தோன்றுகிறது.

பட்டைத்தலை வாத்துகள் மழையோடு வந்து, கரையிலே மேய்ந்து, ஒரு முட்டைகூட இடாமல் திரும்பிப் போவது அன்று முதல்தான். மஞ்சள்மூக்கு நாரைக்குக் குரல் இல்லாமல் போனதும் அன்று முதல்தான். கூடு கட்டி முடித்த பிறகும் அது குச்சி கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருக்கும். வாத்துகள் கிளம்புகிற நேரம் பார்த்து அலகைத் தட்டும். உன் வீடுதான், உன் வீடுதான் என்று அது சொல்கிறது. வாத்துகளுக்கு அந்தப் பாஷை தெரியாது.